தூண்டில் கடைக்காரியின் சுடுதண்ணீர்

தூண்டில் கடைக்காரி கையை விட்டால் பச்சைத்தண்ணீர் சுடும். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வாளியில் தண்ணீரைப் பிடித்து, முழங்கை வரை கையை விட்டு, படகு முதலாளியை மனதில் நினைத்தால் போதும். நாலு தட்டு கழுவி வைக்கிற நேரத்துக்குள் ஆவி வந்துவிடும். படகுத்துறையில் இருக்கிறவர்களுக்கு இது டீசல் விலை மாதிரி, எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. புதிதாக வந்தவர் யாராவது வாயைப் பிளந்து நின்றால், "ஆமா, சுடும். உங்களுக்குச் சின்னத் தூண்டிலா, பெருசா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அவள் முன்கோபக்காரி என்பது பிறந்த வீட்டிலிருந்தே தெரிந்ததுதான். ஆனால் அதெல்லாம் சாதாரணக் கோபம். பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் வெளியே வரும், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போய்விடும். தண்ணீரைச் சுடவைக்கிற கோபம் வந்தது, அவள் புருஷன் கையில் தேள்மீன் முள் ஏறிய பிறகு. அந்தக் கதையைக் கேட்டால் யார் கைக்கும் கொஞ்சம் சூடு வரும். ஊரில் எத்தனையோ பேர் அதைக் கேட்டுவிட்டு வாளியில் கைவிட்டுப் பார்த்ததும் உண்டு. அவர்களுக்கெல்லாம் விரல் சுருங்கியதுதான் மிச்சம்.

புருஷன் படகோட்டி. முதலாளியின் வெள்ளைப் படகை ஓட்டினான். விடுமுறை நாட்களில் ஆபீஸ்காரர்களும் கடைக்காரர்களும் புது மாப்பிள்ளைகளும் பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்க வருவார்கள். அவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய், பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு, தூண்டிலில் இரை கோத்துக் கொடுத்து, மாட்டிய மீனோடு படம் எடுத்துக் கொடுத்து, வாந்தி எடுக்கிறவர்களின் தலையைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கொண்டு வந்து விடுவது அவன் வேலை. துறையில் அவனுக்குப் 'பரவாயில்லை' என்று பட்டப்பெயர். காலை மிதித்தவனிடமும் அதைத்தான் சொல்வான், கூலியைத் தள்ளிக் கொடுத்தவனிடமும் அதைத்தான் சொல்வான். கல்யாணத்தன்று மாலை அறுந்து விழுந்தபோதும் அதையே சொன்னான் என்று அவள் சொல்லிக்காட்டுவாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பரவாயில்லை சொல்லமாட்டான். நங்கூரம் இறங்கியதும் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்வான். மேலே வருகிற மீன் என்ன மீன் என்று பார்க்காமல் கையை நீட்டாதீர்கள். கெளிறு வந்தால் அதன் பக்கத்து முள் விறைத்து நிற்கும், என்னைக் கூப்பிடுங்கள். திருக்கை வந்தால் வாலுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். பாசி பிடித்த கல்லுக்கு வாயும் கண்ணும் வைத்த மாதிரி அவலட்சணமாக ஒன்று வந்தால் அதுதான் தேள்மீன். அதன் முதுகு முள் ஒவ்வொன்றிலும் விஷம் இருக்கிறது. செருப்பில்லாத காலால் தள்ளாதீர்கள், துணியைப் போட்டும் பிடிக்காதீர்கள், துணியைத் துளைத்துக்கொண்டு வரும். படகுக்குள்ளேயே ஏற்ற வேண்டாம், நீளமூக்குக் குறடால் தூண்டிலைக் கழற்றப் பார்ப்பேன், முடியாவிட்டால் தூண்டில் நரம்பை அறுத்துவிடுவேன். தூண்டில் போனால் போகட்டும், என் பெண்டாட்டி கடையில் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான். செத்த மீன் என்று நினைத்தும் தொடாதீர்கள், மீன் செத்தாலும் முள் சாவதில்லை என்று முடிப்பான்.

படகின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பும் நசுங்கிய கெட்டிலும் அவன் வைத்திருந்தான். முள் ஏறினால் அதற்கு மருந்து சுடுதண்ணீர். பொறுக்கிற அளவு சூட்டில், குத்துப்பட்ட இடம் முழுக்க முங்குகிற மாதிரி, வலி அடங்குகிற வரை வைத்திருக்க வேண்டும். அந்த விஷத்துக்குச் சூடு ஆகாது. சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்கக் கூடாது, அதற்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது, வெந்துபோய்விடும். நல்ல கையால்தான் பார்க்க வேண்டும். அதன் பிறகு நேரே மருத்துவமனை. இதெல்லாம் ராக்கெட் விடுகிற வித்தை இல்லை. துறையில் மீன் கழுவுகிறவர்களுக்கும் தெரியும், மருத்துவமனைச் சுவரிலும் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. முதலாளிக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவருக்கு இன்னொரு ஐஸ் பெட்டி வைக்க இடம் வேண்டியிருந்தது. பாட்டுப் பெட்டிக்கும் இடம் வேண்டியிருந்தது. அடுப்பைக் காட்டி, "இந்தக் குப்பையை முதல்ல தூக்கு" என்றார்.

"முதலாளி, யாருக்காவது குத்திடுச்சுன்னா?"

"எத்தனை வருஷமா ஓட்டுற? எவனுக்காவது குத்தியிருக்கா? நீ வேற நல்ல நாள் அதுவுமா பாம்பு தேள்னு பேசி வர்றவங்களைப் பயமுறுத்துற. ஜாலியா இருக்க வர்றாங்கய்யா."

யாருக்கும் குத்தாமல் இருந்ததே அவன் ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொன்னதால்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவனும் அதைச் சொல்லவில்லை. பரவாயில்லை என்று அடுப்பை அவனே தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க? நமக்கு அடுப்பில்லையா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னான். "நீங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டாள். அதற்கும் அவனிடம் பதில் தயாராக இருந்தது, அது என்ன என்று இனிமேல் சொல்லத் தேவையில்லை.

பிறகு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் சொன்னபடி எழுத வேண்டுமென்றால், சுருக்கமாக இப்படி. அன்றைக்கு முதலாளியும் படகில் வந்திருந்தார். ஒரு ஆபீஸ்காரர் நரம்பை இழுத்தார், கனமாக இருந்தது, கத்திக்கொண்டே சுற்றினார். வந்தது தேள்மீன். படகோட்டி "ஏத்தாதீங்க, ஏத்தாதீங்க" என்று ஓடி வருவதற்குள் அதைப் படகுக்குள் வீசிவிட்டு, படம் எடுப்பதற்காகக் குனிந்து கையை நீட்டினார். படகோட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டான், படகு ஆடியது, அவன் கை போய் மீன் முதுகில் ஊன்றியது. ஆபீஸ்காரருக்கு ஒரு கீறல் இல்லை. அவர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், பதவி உயர்வுகூட வந்ததாகக் கேள்வி.

படகோட்டி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கரைக்குத் திரும்பலாமா முதலாளி என்று கேட்டான். இப்போதுதான் மீன் கடிக்க ஆரம்பித்திருக்கிறது, கொஞ்சம் பொறு என்றார் முதலாளி. சரி, என்ஜினையாவது போடுங்கள், அதைக் குளிரவைத்துவிட்டு வெளியே விழுகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதில் கையை வைத்துக்கொள்கிறேன் என்றான். சத்தத்தில் மீன் ஓடிவிடும் என்றார். பிறகு இரக்கப்பட்டு ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஐஸை அள்ளி, "இந்தா, இதை வச்சு அமுக்கிக்க" என்று கொடுத்தார். எது கூடாதோ அதைப் பார்த்துக் கொடுத்தார். பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. வெயில் தாழ்ந்த பிறகுதான் நங்கூரம் ஏறியது. படகு துறைக்கு வந்தபோது அவன் கை தோள்பட்டை வரை வீங்கி, அவன் அம்மா பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

உயிர் பிழைத்தது. விரல்கள் பிழைக்கவில்லை, மடக்கவும் முடியாது நீட்டவும் முடியாது, பாதி திறந்த கதவு மாதிரி நின்றுவிட்டன. "குத்தின உடனே சுடுதண்ணியில வச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டு முதலாளி வராந்தாவில் நின்றிருந்தார், கையில் ஒரு பை பழம். படகில் சுடுதண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை, இருந்திருந்தால் கொடுக்காமல் இருப்பேனா என்று தலையில் அடித்துக்கொண்டார். படுக்கையில் கிடந்தவனும், ஆமாம், அடுப்பை நான்தானே இறக்கினேன், அவர் என்ன செய்வார் என்றான். அவள் பழப்பையை வாங்கினாள். முதலாளி படியிறங்கும்போது ஒவ்வொரு பழமாக எடுத்து அவர் முதுகில் எறிந்தாள். ஒன்றும் குறி தப்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வலி அவனை விட்டுப் போகவில்லை, கடலோடு சேர்ந்துகொண்டது என்று. கடல் ஏறும்போது வலி ஏறும், கடல் வற்றும்போது இறங்கும். கடல் தினமும் கொஞ்சம் தள்ளி ஏறுவதால் வலியும் தினமும் கொஞ்சம் தள்ளி வந்தது. துறையில் சிலர் படகை எப்போது எடுக்கலாம் என்று அவன் முகத்தைப் பார்த்தே முடிவு செய்யத் தொடங்கினார்கள். மாத்திரை, ஊசி, களிம்பு எதுவும் பலிக்கவில்லை. சுடுதண்ணீரில் வைத்தால் மட்டும் அடங்கியது. அதுவும் ஆற ஆற வலி திரும்பி வந்தது. அவள் ஒரு பக்கம் கொதிக்க வைப்பதும், மறுபக்கம் கொண்டுவந்து ஊற்றுவதும், நடுவில் கடையில் தூண்டில் கேட்கிறவனுக்குப் பதில் சொல்வதுமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கடல் ஏறுகிற நேரம் பார்த்து எரிவாயு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பச்சைத்தண்ணீர் வாளியில் அவன் கையை வைத்து, தன் கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு முதலாளியைத் திட்ட ஆரம்பித்தாள். பரம்பரையைத் திட்டினாள், பாட்டுப் பெட்டியைத் திட்டினாள், அந்த ஒரு கைப்பிடி ஐஸைத் திட்டினாள். ஐஸுக்கு வந்தபோது வாளியிலிருந்து ஆவி எழுந்தது.

"ஏங்க, சுடுதா?"

"சுடுதும்மா. நல்லா இருக்கு."

"அப்ப இருங்க, இன்னும் முடியலை" என்று அவள் தொடர்ந்து திட்டினாள். எரிவாயு உருளைக்கு அன்றைக்குச் சொல்லிவிடவில்லை. இரண்டு நாள் கழித்துச் சமையலுக்கு வேண்டும் என்று நினைவு வந்தபோதுதான் சொன்னாள். டாக்டர் வந்து வாளியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மருத்துவத்தில் இதற்கு இடமில்லை என்றார். போகும்போது வாசலில் நின்று, என் மாமியாருக்கு முழங்கால் வலி, ஒருநாள் கூட்டி வரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தூண்டில் கடைக்காரி ஒத்துக்கொண்டாள். அதிலிருந்து கெளிறு குத்தியவர்களும் திருக்கை அடித்தவர்களும் நேரே அவள் கடைக்கு வந்து, முதலில் வாளி, பிறகு மருத்துவமனை என்று ஆனது. வலியோடு வருகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு முதலாளி நினைவு தானாக வரும், தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சூடு கோபத்திலிருந்து வந்தது. கோபம் போனால் சூடு போய்விடும். அக்காக்காரி ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினாள். "விட்டுத் தொலைடி. உன் உடம்பைப் பாரு, கருவாடு மாதிரி ஆயிட்ட. அவனை நெனைச்சு நெனைச்சு நீ ஏன் வேகணும்?" என்று காலையும் மாலையும் சொன்னாள். அக்காவின் பேச்சைக் கேட்டு அவளும் முயன்று பார்த்தாள். முதலாளியும் மனுஷன்தானே, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே என்று நினைத்தாள். உடம்பு லேசானது, சாப்பாடு ருசித்தது, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். மறுநாள் கடல் ஏறியபோது கையை விட்டாள், தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது. படகோட்டி துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள் அக்காவை அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு கோபத்தை அவள் பால் மாதிரி பார்த்துக்கொண்டாள், கெட்டுப்போகாமல், சிந்தாமல். வருஷங்கள் போயின. சும்மா கோபப்படுவது எளிது. தினமும், நேரம் தவறாமல், வேண்டிய அளவுக்குக் கோபப்படுவது என்றால் கல்லுடைக்கிற வேலை. பழைய காட்சிகள் தேய்ந்துபோயின. ஐஸை நினைத்தால் ஒரு வருஷம் சுட்டது, பிறகு வெதுவெதுப்பாகத்தான் வந்தது. பாட்டுப் பெட்டியை நினைத்தாள். முதலாளி போட்டிருந்த பூப்போட்ட சட்டையை நினைத்தாள். அதுவும் தீர்ந்துபோய், கடைசியில் எதிரே உட்கார்ந்திருந்த புருஷனையே பார்த்தாள். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "போதும்மா, பரவாயில்லை, இந்தச் சூடே போதும்" என்றான் அவன். அவளுக்கு வந்ததே பாருங்கள் ஒரு ஆத்திரம், தண்ணீர் குபுகுபுவென்று கொதிக்கப் பார்த்தது.

"என்ன பரவாயில்லை? கை போச்சு, பரவாயில்லை. வேலை போச்சு, பரவாயில்லை. அந்த ஆள் ரோட்டுல உங்களைப் பார்த்துக் கும்பிடுறான், நீங்க நின்னு நலம் விசாரிக்கிறீங்க. உங்க கைக்கு நான் கோபப்படணும், உங்களுக்கு வராதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க கோபப்பட்டா நான் நிம்மதியா மூச்சு விடுவேன்."

"அவரு என்னம்மா பண்ணுவாரு? சுடுதண்ணி இல்லையே. அடுப்பை இறக்கினது நான்தானே."

அவன் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். தப்பு தன் பேரில் என்று வைத்துக்கொண்டால் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. அவளுக்கு அது புரிந்தது, புரிந்தபடியால் இன்னும் எரிந்தது. ஒரு வீட்டுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் ஒருத்தியே சுமந்தால் தோள் என்னத்துக்கு ஆகும்? தலைமுடி முன்நெற்றியில் நரைத்தது. கடையில் சின்னத் தூண்டில் கேட்டவனுக்குப் பெரிய தூண்டிலைக் கொடுத்தாள். இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தாள்.

அந்த நிலைமையில்தான் முதலாளிக்கு முள் குத்தியது. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். காலையில் மாட்டிய தேள்மீன் ஒன்றைப் புதுப் படகோட்டி ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். அது நன்றாகச் செத்து விறைத்துக் கிடந்தது. விருந்தாளி ஒருவரின் மனைவி அதோடு படம் எடுக்க ஆசைப்பட்டார். செத்த மீன்தானே என்று முதலாளி முதுகோடு சேர்த்துத் தூக்கினார். மீன் செத்தாலும் முள் சாவதில்லை என்பதை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். புதுப் படகோட்டி யாரிடமும் எதுவும் கேட்காமல் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு முழுவேகத்தில் துறைக்கு வந்தான். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு தூண்டில் கடைக்கு வந்தார்கள்.

கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் படகோட்டியின் கை ஏற்கெனவே வாளியில் இருந்தது, அவள் கையும் இருந்தது. முதலாளியின் அலறல் தெருமுனையிலேயே கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"வந்த வழியே கொண்டு போங்க. ஐஸ் பெட்டி இருக்குமே, அதுல வச்சு அமுக்கிக்கச் சொல்லுங்க."

தூக்கிவந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாரும் அவளைத் தப்பு சொல்லவில்லை. படகோட்டிதான் பேசினான். "வேணாம்மா. இந்த வலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வைக்கட்டும்."

அவள் முழங்காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். முதலாளியை உட்காரவைத்து, வீங்கிய கையைப் பிடித்து வாளியில் விட்டார்கள். ஒரே வாளியில் மூன்று பேர் கை. அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் அவளுக்குப் பழைய கோபமெல்லாம் புதுசாக வந்துவிட்டது, தண்ணீரில் ஆவி பறந்தது. படகோட்டி தன் இடது கையை விட்டுச் சூடு பார்த்து, இருக்கலாம் என்று தலையாட்டினான். முதலாளியின் அலறல் முனகலானது. முனகல் அடங்கியதும் அவர் அழ ஆரம்பித்தார்.

அது நடிப்பு இல்லை. வலியில் வெந்து வந்த மனுஷன், நெஞ்சு திறந்து அழுதார். "தங்கச்சி, நான் பாவி. உன் புருஷன் அன்னைக்கு இப்படித்தானே துடிச்சிருப்பான். எனக்கு இப்பதான் தெரியுது. உன் காலை வேணும்னாலும் பிடிக்கிறேன், என்னை மன்னிச்சுடு" என்று விக்கி விக்கி அழுதார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தூண்டில் கடைக்காரிக்கு உள்ளே ஏதோ இளகியது. இவ்வளவு வருஷம் கேட்காத வார்த்தை, வந்தே விட்டது. வாளியில் ஆவி நின்றது. படகோட்டியின் முகம் கோணியது. முதலாளியும் மறுபடி பல்லைக் கடித்தார்.

அவள் விழித்துக்கொண்டாள். "அழாதய்யா! தண்ணி ஆறுது!"

"இல்லம்மா, மனசார கேக்குறேன்..."

"மனசாரக் கேட்காத. கேட்டு உன் மனசு குளிர்ந்துடும், இவரு கை என்ன ஆகும்? நீ அழுது கழுவிட்டுப் போறதுக்கு எங்க வீட்டு வாளிதான் கிடைச்சுதா? மன்னிப்புங்கிற பேச்சை எடுத்த, கையை வெளிய எடுத்துப் போட்டுடுவேன். வேற ஏதாவது பேசு. அன்னைக்கு நடந்ததைப் பேசு. அழாம பேசு."

முதலாளி மூக்கை உறிஞ்சினார். என்ன பேசுவது என்று தெரியாமல் வாளியைப் பார்த்தார். நல்லவனாகப் பேசினால் தண்ணீர் ஆறுகிறது, நல்லவனாக இல்லாமல் பேச அவரிடம் ஒன்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லாதது.

"சுடுதண்ணி இருந்துச்சு" என்றார்.

வாளியைப் பார்த்தபடியே மேலே சொன்னார்.

"விருந்தாளிங்க காபிக்குன்னு வீட்டுல பிளாஸ்க்ல ஊத்திக் கொடுத்திருந்தாங்க. பெரிய பெரிய பிளாஸ்க். உள்ள இருந்துச்சு. எடுத்துக் கொடுத்தா காபிக்கு இல்லாம போயிடும், வந்தவங்க ஏதாவது நெனைப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

தூண்டில் கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது வரப்போகிற சூட்டில் மூன்று பேர் கையும் வெந்துவிடும், எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அப்போது படகோட்டி கேட்டான். குரல் தாழ்வாகத்தான் இருந்தது.

"எல்லாரும் காபி குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க."

"தண்ணி பத்துச்சா?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "மிச்சம் இருந்துச்சு."

"மிச்சத்தை என்ன பண்ணீங்க?"

"துறைக்கு வர்றதுக்கு முன்னாடி... கடல்ல கொட்டிட்டேன்."

படகோட்டியின் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நரம்பை அவள் பார்த்ததில்லை. வாளியின் ஒரு பக்கத்திலிருந்து, அவள் பக்கத்திலிருந்து இல்லை, அவன் பக்கத்திலிருந்து தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. ஆவி எழுந்து சன்னல் கண்ணாடியில் படிந்தது. முதலாளி ஐயோ என்று கையை இழுத்தார். படகோட்டியின் வலது கை, இத்தனை வருஷமாக மடங்காத அந்தக் கை, மடங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"எடுக்காதீங்க" என்றான். "இன்னும் நேரம் ஆகணும். பாதியில எடுத்தா விரல் போயிடும்."

சூடு பொறுக்கிற அளவில்தான் இருந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. கோபத்திலும் அவன் அளவு பார்த்தான். வலி முழுக்க அடங்குகிற வரை முதலாளியின் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முதலாளிக்குக் கண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்க அவருக்கு யாரும் துண்டு கொடுக்கவில்லை.

தூண்டில் கடைக்காரி தன் கையை வாளியிலிருந்து மெதுவாக எடுத்தாள். தண்ணீர் ஆறவில்லை. சேலையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் வாளியை எட்டிப் பார்த்தாள். ஆறவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். தூக்கிவந்தவர்கள் பதறிப்போய், என்னம்மா, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்லைய்யா, கை வலிக்குது" என்றாள்.

முதலாளி அன்றைக்கு அங்கிருந்து மருத்துவமனைக்குப் போய், கை குணமாகி வீட்டுக்குப் போனார். படகை விற்றுவிட்டார் என்று ஒருசாரார் சொல்கிறார்கள், மருமகன் பெயருக்கு மாற்றிவிட்டார் என்று இன்னொருசாரார். அவரை மன்னித்தார்களா என்று கேட்டால் துறையில் எல்லாரும் ஒரே குரலில் இல்லை என்பார்கள். துறையில் இப்போது அடுப்பில்லாத படகில் ஏற யாரும் ஒப்புக்கொள்வதில்லை, வெளியூர் விருந்தாளிகள்கூட முதலில் கெட்டில் எங்கே என்று கேட்கிறார்கள். கடல் ஏறும்போது படகோட்டிக்கு இன்னும் வலிக்கிறது, ஆனால் அவன் தானே தண்ணீரைப் பிடித்து, தானே கையை விட்டு, தானே சுடவைத்துக்கொள்கிறான். அந்த நேரத்தில் அவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. மற்ற நேரத்தில் முள் குத்தி யாராவது வந்தால் இரண்டு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் வாளிக்கு வருகிறார்கள். கடைக்காரி பகலில் கொஞ்சம் படுத்துத் தூங்குகிறாள், உடம்பு தேறியிருக்கிறது. கெளிறு குத்திக் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள் இப்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பது, "இன்னைக்கு யாரு முறை?" என்றுதான்.